பித்தப்பை அறுவையில் பித்தக்குழாய் வழிமாறி வந்தால்

பித்தப்பையைத் தனியாக எடுக்கத் தொடங்கும் ஜூனியர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேடம், சி.பி.டி. எங்கே இருக்கும்?" பொதுப் பித்தக்குழாய் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் அதை விட்டு விலகி வேலை பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அதைத் தேடிப் போகாதீர்கள். தேடிப் போகும் கைதான் பல நேரம் அதைக் கிழிக்கிறது. பித்தப்பை எங்கே முடிகிறது என்பதை மட்டும் பாருங்கள், அதன் சுவரை விட்டு இறங்காதீர்கள்.

அடுத்த கேள்வி, "அனாமலி, அதாவது வழக்கத்துக்கு மாறான குழாய் அமைப்பு, இருந்தால்?" இந்தக் குறிப்பு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். குழாய் அமைப்பில் இருக்கும் மாறுபாடுகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு தியேட்டருக்குள் போவதால் பெரிய பயன் இல்லை. எந்த மாறுபாடு இருந்தாலும் ஆபத்தில்லாமல் முடிகிற மாதிரி கைப்பழக்கத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். இளம் சர்ஜன்களுக்காக எழுதுகிறேன். அறுவை முடிந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் 'வீட்டுக்குப் போன பிறகு' என்ற பகுதியை மட்டும் படித்தால் போதும்.

எங்கெங்கே மாறும்

பாடப்புத்தகப் படத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கல்லீரலின் வலது குழாயும் இடது குழாயும் வெளியே வந்து ஒன்றாகும். கொஞ்சம் கீழே, பித்தப்பையிலிருந்து வரும் சிஸ்டிக் டக்ட் வலப்பக்கமாக வந்து சேரும். அதன் பிறகு அது பொதுக்குழாய். கல்லீரல் கிளைகள் அப்படியே படத்தில் உள்ளபடி சேர்வது 10 பேரில் சுமார் 6 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு வேறுபாடு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை கல்லீரலுக்குள்ளேயே நடப்பவை, பித்தப்பை எடுக்கிறவரைத் தொந்தரவு செய்யாதவை. நாம் பயப்பட வேண்டியவை சிலதான்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வலது பின்கிளை. கல்லீரலின் வலப்புறப் பின்பகுதியிலிருந்து வரும் இந்தக் குழாய் சிலருக்குக் கல்லீரலுக்குள் மற்றக் கிளைகளோடு சேராமல் தனியாக வெளியே இறங்கி, கீழே வந்து பொதுக்குழாயில் சேரும். அப்போது அது பித்தப்பையின் கழுத்துக்குப் பக்கத்தில், சிஸ்டிக் டக்டுக்கும் பொதுக்குழாய்க்கும் கல்லீரலுக்கும் நடுவே நாம் வேலை செய்கிற முக்கோணத்துக்குள்ளேயே ஓடும். சிலருக்கு சிஸ்டிக் டக்ட் பொதுக்குழாய்க்குப் போகாமல் இந்தக் கிளையில் சேர்ந்துவிடும். இன்னும் சிலருக்கு இந்தக் கிளையே சிஸ்டிக் டக்டுக்குள் வந்து விழும். பருமனிலும் நிறத்திலும் அது சிஸ்டிக் டக்ட் மாதிரியேதான் இருக்கும். வெட்டினால் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. இரண்டு முனையிலும் கிளிப் (குழாயை இறுக்கி மூடும் சிறு உலோகக் கவ்வி) போட்டிருந்தால் கல்லீரலின் அந்தப் பகுதி சத்தமில்லாமல் சுருங்கலாம், அல்லது வருடங்கள் கழித்துக் காய்ச்சலும் குளிருமாக வரலாம். திறந்து விட்டிருந்தால் பித்தம் வயிற்றுக்குள் கொட்டும்.

அடுத்தது சிஸ்டிக் டக்டின் போக்கு. வழக்கமாக 2 முதல் 4 செ.மீ. நீளம். சிலருக்கு அது பொதுக்குழாயோடு ஒட்டிக்கொண்டு, ஒரே உறைக்குள் இணையாகக் கீழே இறங்கி, கணையத்துக்கு அருகில்தான் சேரும். சிலருக்கு முன்னாலோ பின்னாலோ சுற்றிப் போய் இடப்பக்கமாகச் சேரும். இவர்களிடம் 'சேருமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன்' என்று கீழே பிரித்துக்கொண்டு போனால், பொதுக்குழாயின் சுவரை உரிக்கிறோம் என்று பொருள். அந்தக் குழாய்க்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய தமனிகள் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் ஓடுகின்றன. அவற்றை உரித்தால், அன்றைக்குக் குழாய் முழுதாக இருந்தாலும் சில மாதங்களில் சுருங்கிப்போகும். சேருமிடத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கல் ஏதும் சிக்கியிராத சிறிய துண்டு உள்ளே இருந்தால் ஒன்றும் ஆகாது.

இதற்கு நேர்மாறாக, சிஸ்டிக் டக்ட் சில மி.மீ. மட்டுமே இருப்பவர்கள் உண்டு. பித்தப்பையின் கழுத்து கிட்டத்தட்ட பொதுக்குழாயின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பெரிய கல் ஒன்று கழுத்தில் மாட்டிக்கொண்டு பொதுக்குழாயை அழுத்துகிற மிரிசி நோயிலும் இதே நிலைதான். அதை 1948-இல் விவரித்த அர்ஜென்டினா சர்ஜன் பாப்லோ மிரிசிதான் அறுவையின்போதே பித்தக்குழாயை எக்ஸ்ரே எடுக்கும் முறையையும் தொடங்கிவைத்தவர். இவர்களிடம் பித்தப்பையைப் பிடித்து இழுத்தால் பொதுக்குழாய் கூடாரம் மாதிரி மேலே எழும்பி வந்து, 'நான்தான் சிஸ்டிக் டக்ட்' என்று நிற்கும்.

பித்தப்பை ஒட்டியிருக்கும் கல்லீரல் படுக்கையில் 1, 2 மி.மீ. அளவில் ஓடும் குழாய்கள் இன்னொரு வகை. லுஷ்காவின் குழாய்கள் என்று சொல்வோம். இவை பெரும்பாலும் பித்தப்பைக்குள் திறப்பதில்லை, கல்லீரலின் வலப்பக்கக் குழாய்களில்தான் போய்ச் சேர்கின்றன. பித்தப்பையைப் பிரிக்கும்போது ஹுக் (மின்சூட்டால் வெட்டும் கொக்கிக் கருவி) கல்லீரலுக்குள் ஆழமாக இறங்கினால்தான் அடிபடும். சரியான தளத்தில் இருந்தால் இது பிரச்சினையே இல்லை.

இரட்டைப் பித்தப்பை சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு. இடப்பக்கப் பித்தப்பை, உறுப்புகள் இடம்வலம் மாறிய உடல் ஆகியவை பேசுவதற்கு சுவாரசியமானவை. ஆனால் வயிற்றுக்குள் கேமரா நுழைந்ததுமே கண்ணில் படுகிறவை என்பதால் நம்மை ஏமாற்றுவது குறைவு. போர்ட் (கருவிகள் நுழையும் துளை) இடங்களை மாற்றிக்கொண்டு, நிதானமாக அதே விதிகளின்படி செய்ய வேண்டியதுதான்.

தமனியையும் விட்டுவிடக் கூடாது. கல்லீரலின் வலது தமனி சிலருக்கு வளைந்து, கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்கியது போலப் பித்தப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பித்தப்பைத் தமனி என்று நினைக்கும் குழாய் எதிர்பார்த்ததைவிடப் பருமனாக இருந்தால், அது பித்தப்பைச் சுவருக்குள் நுழைகிறதா, தொட்டுவிட்டுக் கல்லீரலுக்குப் போகிறதா என்று பின்தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளிப் போட வேண்டும்.

'அனாமலி போல' என்ற எண்ணம்

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமரா வைத்துச் செய்யும் அறுவையில், பொதுக்குழாய் காயம் படுவது ஆயிரம் அறுவைகளில் 1 முதல் 5 வரை என்று வெவ்வேறு தொகுப்புகள் சொல்கின்றன. அமெரிக்காவில் லாரன்ஸ் வே குழுவினர் 2003-இல் இப்படிப்பட்ட 252 காயங்களை ஆராய்ந்தார்கள். 97 சதவீதத்தில் முதன்மைக் காரணம் கண்ணுக்கு ஏற்பட்ட மயக்கம் என்று கண்டார்கள். கைத்திறமைக் குறைவு மிகச் சிலவற்றில்தான் காரணம். பொதுக்குழாயைப் பார்த்து சிஸ்டிக் டக்ட் என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. தீர்மானித்த பிறகு எதிரான சாட்சி எதுவும் மனதுக்குள் ஏறுவதில்லை.

பெரிய காயங்கள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். முதலில் பொதுக்குழாயை சிஸ்டிக் டக்ட் என்று நினைத்துக் கிளிப் போட்டு வெட்டுகிறார்கள். மேலே பிரித்துக்கொண்டு போகும்போது கல்லீரல் பக்கமிருந்து இன்னொரு குழாய் எதிர்ப்படுகிறது. உண்மையில் அது கல்லீரலிலிருந்து வரும் பொதுக்குழாயின் மேல்பகுதி. ஆனால் சர்ஜனின் மனம் சொல்வது: 'ஓ, கூடுதல் குழாய் ஒன்று இருக்கிறது, அனாமலி போல.' அதற்கும் கிளிப் போட்டு வெட்டிவிடுகிறார்கள். பொதுக்குழாயின் ஒரு துண்டே பித்தப்பையோடு வெளியே வந்துவிடுகிறது. அந்த உடலின் குழாய்கள் பாடப்புத்தகப் படம் போலவே இருந்திருக்கும்.

அதனால் நான் ஜூனியர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்வது இதுதான். அறுவையின் நடுவில் 'இது அபூர்வ அமைப்பு போல இருக்கிறது' என்று தோன்றினால், 'நான் தப்பான இடத்தில் இருக்கிறேன்' என்று அதைப் புரிந்துகொள்ளுங்கள். கருவிகளை வெளியே எடுங்கள். கேமராவைப் பின்னுக்கு இழுத்து முழு இடத்தையும் பாருங்கள். உண்மையிலேயே அபூர்வ அமைப்பாக இருந்தால் நின்று பார்த்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை. வேறு சில அடையாளங்களும் உண்டு. 9 மி.மீ. கிளிப் முழு அகலத்தையும் பிடிக்கவில்லை என்றால் அது பொதுக்குழாயாக இருக்கலாம். குழாய் கீழே டியோடினத்துக்குப் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) பின்னால் மறைந்து போகிறது என்றால் அது பொதுக்குழாய்தான். ஒரு தமனிக்குப் பதில் பெரிய ரத்தக் குழாய்கள் வந்துகொண்டே இருந்தால் மிகவும் உள்ளே போய்விட்டோம்.

தியேட்டருக்குப் போகும் முன்

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். பித்தப்பைச் சுவர் எவ்வளவு தடிமன், பை சுருங்கியிருக்கிறதா, கழுத்தில் கல் மாட்டியிருக்கிறதா, பொதுக்குழாய் எத்தனை மி.மீ. என்று பாருங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் அல்லது அல்கலைன் பாஸ்படேஸ் கூடியிருந்தால், பொதுக்குழாய் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தால், முன்பு கணைய அழற்சியோ மஞ்சள் காமாலையோ வந்திருந்தால், எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. எடுத்தால் படத்தை நீங்களே திறந்து பாருங்கள். ரிப்போர்ட் எழுதுகிறவரிடம் கல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், வலது பின்கிளை தனியாக இறங்குவதை அவர் எழுதாமலே விட்டிருக்கலாம்.

நோயாளியிடம் சம்மதம் வாங்கும்போது இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம், தேவைப்பட்டால் பையின் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிடுவோம். இதைச் சொல்லிவிட்டுப் போகிற சர்ஜனுக்கு உள்ளே நிறுத்துவது எளிதாக இருக்கும். 'சின்ன ஓட்டைதான், மறுநாள் வீட்டுக்குப் போகலாம்' என்று வாக்குக் கொடுத்தவர்தான் நிறுத்தத் தயங்குவார்.

உள்ளே போன பிறகு

எதையும் தொடும் முன் ஐந்து அடையாளங்களைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்: பொதுக்குழாய் தெரிந்தால் அதன் நிழல், கல்லீரலின் அடியில் வலப்பக்கம் இருக்கும் ரூவியே பள்ளம், கல்லீரல் தமனியின் துடிப்பு, கல்லீரலின் நான்காம் பிரிவுக்கு இடப்பக்கம் இருக்கும் தொப்புள் பிளவு, கீழே டியோடினம். ரூவியே பள்ளம் பெரும்பாலான நோயாளிகளிடம் கண்ணில் படும். அதன் விளிம்பிலிருந்து நான்காம் பிரிவின் அடிவரை மனதில் ஒரு கோடு போடுங்கள். வேலை முழுக்கக் கோட்டுக்கு மேலேதான். கோட்டுக்குக் கீழே ஹுக் போனால் கேமரா பிடிக்கிறவர் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் தியேட்டர் வழக்கம். அவர் எவ்வளவு ஜூனியராக இருந்தாலும் சரி.

இனி இழுக்கும் திசை. பையின் நுனியை நோயாளியின் வலது தோளை நோக்கி மேலே தள்ள வேண்டும். கழுத்துப் பகுதியை வலப்பக்கம் வெளியேயும் கொஞ்சம் கீழேயும் இழுக்க வேண்டும். அப்போதுதான் சிஸ்டிக் டக்ட் பொதுக்குழாய்க்குச் செங்குத்தாக விலகி நிற்கும், முக்கோணம் திறக்கும். கழுத்தையும் மேலேயே இழுத்தால் இரண்டு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். இளையவர்களின் வீடியோக்களைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது இடது கையைத்தான். வலது கை அழகாக வேலை செய்துகொண்டிருக்கும், இடது கை கழுத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும்.

முன்பக்க உறையையும் பின்பக்க உறையையும் பித்தப்பைச் சுவரை ஒட்டி மாறி மாறித் திறங்கள். பையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். முக்கோணத்துக்குள் இருக்கும் காலட் நிணநீர்க்கணு தெரிந்தால் அதற்குப் பொதுக்குழாய்ப் பக்கம் போகாதீர்கள். டையாதெர்மியை (ஹுக்குக்கு வரும் மின்சூடு) குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள், 30 வாட்டுக்கு மேல் வேண்டாம். ஹுக்கில் கொஞ்சமாகத் திசுவை மாட்டி, தன் பக்கம் இழுத்து, அதன் வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மிதியை அழுத்துங்கள். கிளிப் போட்ட குழாயின் அருகே சூடு காட்டவே கூடாது, உலோகக் கிளிப் சூட்டைக் கடத்தும்.

ரத்தம் வந்தால் கண்மூடித்தனமாகக் கிளிப் போடாதீர்கள். காஸ் துணியையோ பித்தப்பையையே கூடவோ வைத்து அழுத்திப் பிடித்துச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். குழாய்க் காயங்களில் கணிசமானவை ரத்தத்தை நிறுத்தும் அவசரத்தில் நடப்பவை.

எல்லாம் வந்து சேருகிற இடம், 1995-இல் சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் பெயரிட்டு எழுதிய 'கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி', அதாவது இனி வெட்டலாம் என்று சொல்லும் பாதுகாப்பான காட்சி. மூன்று நிபந்தனைகள். முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க அகற்றப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பகுதி கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டு, படுக்கையின் வெண்மையான தகடு தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் போகிற குழாய்கள் சிஸ்டிக் டக்ட், பித்தப்பைத் தமனி என்று இரண்டே இரண்டாக இருக்க வேண்டும். பொதுக்குழாயைக் காட்டச் சொல்லும் நிபந்தனை இதில் எங்கும் இல்லை.

பலர் அவசரப்படுவது இரண்டாவது நிபந்தனையில். கீழ்ப்பகுதியைக் கொஞ்சமாகப் பிரித்து ஒரு சின்ன ஜன்னல் தெரிந்ததும் 'வியூ வந்துவிட்டது' என்பார்கள். வரவில்லை. வலது பின்கிளை ஒளிந்திருப்பது அந்த ஜன்னலுக்கு மேலேதான். தகடு நன்றாகத் தெரியும் வரை பிரித்தால், பித்தப்பைக்குள் போகாமல் கல்லீரலுக்குள் போகிற எந்தக் குழாயும் தானாகவே வெளிப்பட்டுவிடும். வழிமாறிய குழாய்களுக்கு இருக்கும் ஒரே நம்பகமான பாதுகாப்பு இதுதான் என்பேன்.

எங்கள் தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸ் கிளிப் அப்ளையரைக் கேட்டவுடன் கொடுக்கமாட்டார். "எத்தனை?" என்பார். நான் "இரண்டு" என்று சொல்ல வேண்டும். பிறகு பையை முன்னாலும் பின்னாலும் புரட்டிக் காட்ட வேண்டும். கேமரா பிடிக்கிறவரும் ஒப்புக்கொண்ட பிறகு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்துச் சேமித்துவிட்டுத்தான் கிளிப் என் கைக்கு வரும். விருந்தினராக வந்து பார்த்த ஒரு சர்ஜன் இதை நாடகம் என்றார். ஆமாம், நாடகம்தான். தீர்மானித்துவிட்ட மனதை ஒரு நிமிடம் நிறுத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் தீராவிட்டால் கொலாஞ்சியோகிராம். சிஸ்டிக் டக்ட் என்று நினைப்பதில் சிறு கீறல் போட்டு, மெல்லிய குழாய் செலுத்தி, நீர்த்த சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே பார்ப்பது. இங்கே படம் எடுப்பதைவிடப் படிப்பதில்தான் தவறு நடக்கிறது. மருந்து டியோடினத்துக்குள் போனால் போதும் என்று திருப்திப்படாதீர்கள். மேலே இடது குழாய், வலது முன்கிளை, வலது பின்கிளை மூன்றையும் எண்ணுங்கள். மல்லாந்து படுத்திருப்பவருக்கு இடது குழாய் முன்பக்கம் உயரத்தில் இருப்பதால் கடைசியில்தான் நிரம்பும், தலைப்பக்கத்தைத் தாழ்த்தி மறுபடி எடுக்கலாம். கீழ்ப்பகுதி மட்டும் நிரம்பி மேலே எதுவுமே தெரியவில்லை என்றால், மருந்து பொதுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது என்றே கொள்ளுங்கள். நல்லவேளை, அப்போது இருப்பது ஒரு கீறல்தான், வெட்டு இல்லை.

ஐ.சி.ஜி. என்ற ஒளிரும் சாய மருந்து வசதி இருந்தால், அறுவைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது ரத்த நாளத்தில் 2.5 மி.கி. கொடுத்துவிட்டால், கல்லீரல் அதைப் பித்தத்தில் கலந்து அனுப்பும். அகச்சிவப்புக் கேமராவில் குழாய்கள் பச்சையாக ஒளிரும். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தடித்த கொழுப்புக்கும் வீக்கத்துக்கும் அடியில் இருப்பதை இது காட்டாது. பச்சை தெரியாத இடத்தில் குழாய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

வழி திறக்காவிட்டால்

மூன்று நிபந்தனைகளும் வரவில்லை என்றால் வெட்டாதீர்கள். முதலில் இன்னொரு சர்ஜனைக் கூப்பிடுங்கள். கை கழுவிக்கொண்டு வரத் தேவையில்லை, திரையைப் பார்த்தாலே போதும். நீங்கள் இதுவரை நினைத்ததைச் சொல்லாமல், "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். 'இது சிஸ்டிக் டக்ட்தானே?' என்று கேட்டால் அவர் கண்ணும் உங்கள் கண்ணாகிவிடும்.

வயிற்றைத் திறப்பது ஒரு வழி. ஆனால் திறந்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கடும் வீக்கத்தில் திறந்த வயிற்றிலும் முக்கோணம் கல்லாகத்தான் இருக்கும், அதுவும் திறந்த அறுவையில் அதிகம் பழகாத இளம் கைகளுக்கு. நுனியிலிருந்து கீழே பிரித்து வருவதும் இப்படிப்பட்ட கடும் வீக்கத்தில் ஆபத்தானது. சுருங்கிப்போன தகட்டின் வழியே நேராக வலது தமனிக்கும் குழாய்க்கும் போய் நிற்கும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது பித்தப்பையைப் பாதியில் நிறுத்துவது. பையின் முன்சுவரைத் திறந்து, கற்கள் எல்லாவற்றையும் எடுத்து, ரூவியே கோட்டுக்கு மேலேயே சுவரை வெட்டிவிட்டு, கல்லீரலோடு ஒட்டிய பின்சுவரை அப்படியே விட்டுவிடலாம். மீதியிருக்கும் கிண்ணத்தைத் தைத்து மூடலாம், அல்லது மூடாமல் உள்ளிருந்து சிஸ்டிக் டக்டின் வாயை மட்டும் தைக்கலாம். மூடாமல் விட்டால் சில நாள் பித்தம் கசிவதற்கு வாய்ப்பு அதிகம். மூடினால் பின்னால் அந்தக் கிண்ணத்தில் மறுபடி கல் சேருவதற்கு வாய்ப்பு அதிகம். நான் மூடாத பக்கம். எதுவானாலும் ட்ரெயின் (வடிகுழாய்) வையுங்கள். உடல் நிலை அதற்கும் இடம் தராவிட்டால், பைக்குள் ஒரு குழாய் வைத்து வடியவிட்டு வெளியே வரலாம், அல்லது எதையுமே தொடாமல் மூடிவிடலாம்.

தியேட்டரிலேயே பித்தம் தெரிந்தால்

கல்லீரல் படுக்கையிலிருந்து ஒரு சொட்டு என்றால் லுஷ்கா குழாயாக இருக்கலாம். வாய் தெளிவாகத் தெரிந்தால் ஒரு கிளிப் அல்லது ஒரு தையல், பக்கத்தில் ட்ரெயின். ஆனால் அது லுஷ்கா குழாய்தான் என்று முடிவு செய்யும் முன் கொலாஞ்சியோகிராம் எடுத்துவிடுங்கள்.

பெரிய குழாயில் ஓட்டையோ வெட்டோ என்றால் முதல் வேலை கையை நிறுத்துவது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்ப்பதற்காக மேலும் பிரிப்பதுதான் சின்னக் காயத்தைப் பெரிதாக்குகிறது. கல்லீரல் அறுவை நிபுணரை அப்போதே போனில் பிடியுங்கள், முடிந்தால் வரச் சொல்லுங்கள். பழுதுபார்க்கும் முதல் முயற்சிதான் மிக நன்றாக அமையும். அனுபவம் இல்லாதவர் செய்து தோற்றால் அடுத்தவருக்கு மிச்சமிருக்கும் குழாய் இன்னும் குட்டையாகிவிடும். முழுவதும் வெட்டுப்பட்ட குழாய்க்குக் குடலைக் கொண்டுவந்து இணைக்கும் ஹெபாடிகோ ஜெஜுனாஸ்டமி தேவைப்படும், அது தினமும் செய்கிறவர்களின் வேலை. நிபுணர் வர முடியாவிட்டால் கல்லீரலுக்கு அடியில் நல்ல ட்ரெயின் வைத்து, ஆன்டிபயாடிக் தொடங்கி, வீடியோவோடும் படங்களோடும் அனுப்பி வையுங்கள். குடும்பத்தாரிடம் அன்றைக்கே, நீங்களே நேரில் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

காயங்களில் பெரும்பகுதி தியேட்டரில் கண்டுபிடிக்கப்படுவதில்லை. பித்தப்பை எடுத்தவர் நாளுக்கு நாள் தேற வேண்டும். 48 மணி நேரம் கழித்து வலி கூடினால், வயிறு உப்பினால், சாப்பிடப் பிடிக்காமல் குமட்டினால், காய்ச்சலோ வேகமான நாடித்துடிப்போ இருந்தால், மறுபடி பார்க்க வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, மலம் வெளுப்பது, உடம்பு அரிப்பது ஆகியவை குழாய் அடைபட்டிருப்பதைக் காட்டும், இவை சில வாரங்கள் கழித்தும் வரலாம். 'கேஸ் வலி, சரியாகிவிடும்' என்று போனிலேயே முடித்துவிடாதீர்கள், சர்ஜனும் சரி, வீட்டாரும் சரி. பித்தம் ஆரம்பத்தில் அதிகம் எரிச்சல் தராமல் வயிற்றுக்குள் சேர முடியும். பிலிருபின் கொஞ்சம் மட்டுமே கூடியிருப்பதை வைத்தும் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது.

ஸ்கேனில் திரவம் தெரிந்தால் ஊசி வழியாக ட்ரெயின் வைத்து வடித்து, என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பித்தம் என்றால் பெரும்பாலும் சிஸ்டிக் டக்டின் முனையோ சிறு குழாயோதான். இ.ஆர்.சி.பி. (வாய் வழியே எண்டோஸ்கோப் செலுத்திப் பித்தக்குழாயைப் படமெடுக்கும் முறை) செய்து, பொதுக்குழாய் குடலில் திறக்கும் வாயைத் தளர்த்தி ஸ்டென்ட் (சிறு உட்குழாய்) வைத்தால், பித்தம் எளிதான வழியில் குடலுக்குப் போய்விடும், கசிவு தானாக மூடிவிடும். சில வாரங்கள் கழித்து ஸ்டென்டை மறக்காமல் எடுக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. வேறு ஊரிலிருந்து அனுப்பிவைக்கப்பட்ட ஓர் அம்மாவுக்கு ட்ரெயினில் தினமும் 200 மி.லி. போலப் பித்தம் வந்துகொண்டிருந்தது. இ.ஆர்.சி.பி. செய்திருந்தார்கள், படம் சுத்தமாக இருந்தது, கசிவே இல்லை. ஸ்டென்ட் வைத்தும் ட்ரெயின் குறையவில்லை. படத்தில் கிளைகளை எண்ணிப் பார்த்தால் வலது பின்கிளை இல்லை. அது வெட்டுப்பட்டுப் பொதுக்குழாயோடு தொடர்பே இழந்திருந்தது. கீழிருந்து செலுத்திய மருந்து அங்கே எப்படிப் போகும்? ட்ரெயின் வழியாகவே மருந்து செலுத்தியபோதுதான் கல்லீரலின் பின்பகுதி முழுதும் ஒளிர்ந்தது. கசிவு தொடர்கிறது, இ.ஆர்.சி.பி. நார்மல் என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எம்.ஆர்.சி.பி.யும் இதைக் காட்டிக்கொடுக்கும். அவருக்கு உள்ளே இருந்த தொற்று அடங்கும் வரை காத்திருந்து, பிறகு அந்தக் கிளையைக் குடலோடு இணைத்தார்கள்.

எழுதி வைப்பது

ஆபரேஷன் நோட்டில் 'கிரிட்டிக்கல் வியூ கிடைத்தது' என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. மூன்று நிபந்தனைகளையும் தனித்தனியாக எழுதுங்கள், எது வரவில்லை என்பதையும் எழுதுங்கள். வழிமாறிய குழாய் ஏதும் பார்த்திருந்தால் அது எங்கே சேர்ந்தது என்று ஒரு கோட்டோவியம் போடுங்கள். எனக்கு வரையவே வராது, ஆனாலும் போடுகிறேன். பாதியில் நிறுத்தியிருந்தால் டிஸ்சார்ஜ் தாளில் நோயாளிக்குப் புரியும்படி 'பித்தப்பையின் ஒரு பகுதி உள்ளே விடப்பட்டிருக்கிறது; மறுபடி அதே வலி வந்தால் இந்தத் தாளைக் காட்டவும்' என்று எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் பல வருடம் கழித்து ஸ்கேன் செய்கிறவர் 'பித்தப்பையில் கல்' என்று எழுத, 'அதைத்தான் எடுத்தாயிற்றே' என்று வீட்டார் சண்டை போட, நடுவில் அந்த மனிதர் வலியோடு உட்கார்ந்திருப்பார்.